பெயர் ஒன்று, வடிவு பல

மகவு பிறந்த இல்லத்தில் முதலில் எழும் வினா மகவின் நலம் பற்றியது. அடுத்து எழுவது பெயர் பற்றியது. முன்னதற்கு மருத்துவர் விடை கூறுவர். பின்னதற்கு விடை கூறும் உரிமை தமக்கே உண்டென எண்ணாத உறவினர் எவரும் இலர். இஃது எக்காலத்தும் உள்ளதே. ஆயினும், அண்மைக் காலத்து நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் இவ்வினா ஒரு புதுக்கோலம் பூண்டு வருகின்றது. வழிவழி வந்த பெயரை முற்றும் விட்டொழிக்கவும் மனமில்லை. அதனை அப்படியே சூட்டவும் மனமில்லை. ஆகவே, அப்பெயர் பிறநாட்டில் யாது வடிவு கொண்டுள்ளது எனத் தேடி, அவ்வடிவைக் கொணர்ந்து பிள்ளைக்கு இடுகின்றனர். யோவான் என்பதும் ஜான் என்பதும் பழகிப் புளித்தன எனக் கருதுவார் இவான் என்றும் ஷான் என்றும் ஜுவான் என்றும் பெயரிடுகின்றனர். எலிசபெத்து இசபெல் ஆகின்றாள். மரியாள் மொய்ரா ஆகின்றாள். முதியோர் இதனை வீண் பகட்டு என்கின்றனர். இளையோரோ, பெயர் அதுவேதான், ஒலி மட்டுமே வேறு என்கின்றனர்.

இளையோர் கூற்று எத்துணை மெய்யுடையது என ஆராய்தலே யாம் ஈண்டுச் செய்யப் புகுந்தது. எல்லாப் பெயரையும் எடுத்துக்கொள்ளின் பெருகும். ஆதலின் யாக்கோபு என்னும் ஒரு பெயரையே எடுத்துக்கொள்வாம். அதனையே தேர்ந்தமைக்குக் காரணம் பின்னர்த் தோன்றும்.

யாக்கோபு என்பது எபிரெயப் பெயர். அதன் பிறப்பு ஆதியாகமம் 25-ஆம் அதிகாரத்தில் உளது. ஈசாக்கின் மனைவியாகிய ரெபெக்காள் இரட்டையரைப் பெற்றாள். முன் வந்தவன் ஏசா. பின் வந்தவன் தமையனது குதிகாலைப் பற்றிக்கொண்டே வெளிப்போந்தான். குதிகாலுக்கு எபிரெயத்திலுள்ள சொல்லோடு இயைந்ததாக அவனுக்கு அப்பெயர் வழங்கிற்று. இரண்டு அதிகாரம் கழித்து, தந்தையின் ஆசியைப் பறிகொடுத்த ஏசா, அதே பெயருக்கு ஏமாற்றி இடம் பறிப்பவன் என்னும் பொருள்பட உரை கூறிக் கதறுகின்றான். ஆக, உடன்பிறந்தானே குறை கூறிய பெயர் இது. நற்பொருளுடைய பெயரையே பிள்ளைக்கு இடல் வேண்டும் என்று அகராதியைப் புரட்டும் பெற்றோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக. இத்தகைய பெயரை உலகம் எண்ணிறந்த தலைமுறைகளாக விரும்பிச் சூட்டி வருகின்றது. பொருள் நோக்கியன்று, அதனைத் தாங்கியிருந்தாரை நோக்கியே.

எபிரெயத்தினின்று கிரேக்கம் புகுந்தபொழுது இப்பெயர் இரண்டாகக் கிளைத்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில், முற்பிதாவைக் குறிக்குமிடத்து இயாக்கோப் என விகுதியின்றி நிற்கும்; வேற்றுமையாலும் திரியாது. அப்போஸ்தலரைக் குறிக்குமிடத்து இயாக்கோபொஸ் எனக் கிரேக்க விகுதி பெற்று, வேற்றுமைதோறும் ஈறு திரியும். பழைய பெயர் பழமை மாறாது நிற்க, அன்றாட வழக்கிலிருந்த பெயர் நாட்டுக்கோலம் பூண்டது என்க. இலத்தீனிலும் இப்பிரிவு தொடர்ந்தது. ஆண்டு, இயாக்கோபுஸ் என்பது காலப்போக்கில் மக்கள் நாவில் இயாக்கோமுஸ் எனவும் வழங்கிற்று. பகரமும் மகரமும் இதழிரண்டும் இயையப் பிறப்பன என்பது நம் இலக்கணம் முதல் ஆண்டிலேயே கற்பிப்பது. ஆதலின் இத்திரிபு கண்டு தமிழ் மாணவர் வியத்தல் வேண்டா. மகரம் புகுந்த இவ்வடிவினின்றே இத்தாலியரது ஜாக்கொமோவும், ஸ்பானியரது ஹைமேயும், பழைய பிரெஞ்சுக்காரரது ஜேம்ஸும் தோன்றின. பிரெஞ்சு நிலத்து ஜேம்ஸ் கடல் கடந்து இங்கிலாந்து சென்று, ஆண்டே நிலைத்து, அரசரும் சூடும் பெயராயிற்று.

எனவே ஜேம்ஸ் என்பதும் யாக்கோபு என்பதும் ஒரே பெயர். ஆங்கில இலக்கிய வகுப்பில், 1603-இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஜேம்ஸ் மன்னரின் காலத்தை ஜாக்கோபியன் காலம் எனப் படிக்கின்றோம். 1688-இல் நாடிழந்த இரண்டாம் ஜேம்ஸின் பக்கத்தாரை ஜாக்கோபைட்டுகள் எனப் படிக்கின்றோம். மன்னர் பெயர் ஜேம்ஸாக இருக்க, அடைமொழி ஏன் அவ்வாறு வந்தது என எழுந்து வினவிய மாணவரை யாம் இன்னும் கண்டிலேம்.

இங்கு நம் தமிழ் வேதாகமத்தின் சிறப்பொன்று கூறத்தக்கது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் முற்பிதாவை ஜேக்கப் என்றும் அப்போஸ்தலனை ஜேம்ஸ் என்றும் இரு பெயராற் கூறும். அதனைப் படிக்கும் ஆங்கிலச் சிறுவன், செபெதேயுவின் மகனுக்குப் பெற்றோர் இட்டது தம் குலமுதல்வன் பெயரே என்பதை உணர வழியில்லை. தமிழ்ச் சிறுவனுக்கோ ஈசாக்கின் மகனும் யாக்கோபு. செபெதேயுவின் மகனும் யாக்கோபு. நிருபம் எழுதியவரும் யாக்கோபு. 1715-இல் தரங்கம்பாடியிற் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு முதலாக மொழிபெயர்த்தார் பலரும் ஆங்கிலத்தின் வழிச் செல்லாது மூலத்தின் வழிச் சென்றமையால் நமக்குக் கிடைத்த பேறு இது.

ஒலியிலும் தமிழ் வடிவம் ஆங்கில வடிவத்தினும் மூலத்திற்கு அணித்து. எபிரெயத்தில் முதலெழுத்து யகரமே. ஜகர ஒலி பிற்காலத்து மேலை மொழிகளில் அவ்விடத்திற் புகுந்தது. இன்றும் ஜெர்மானியர் ஜகரம் கலவாது யாக்கோப் என்றே அழைக்கின்றனர். யகரம் மொழிக்கு முதலாவது பற்றி நம் நூல்கள் கூறுவன ஈண்டு நினைவுக்கு வருகின்றன. தொல்காப்பியர் ஆகாரத்தோடு கூடிய யகரம் ஒன்றையே மொழிமுதற்கு ஏற்றார். பவணந்தி முனிவர் காலத்துள் பிறமொழிச் சொற்கள் மிகப் புகுந்தமையால், அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ என்னும் ஆறு உயிரோடும் அது முதலாகும் என நன்னூலில் விரித்தார். இவ்விதியை வைத்துக்கொண்டு வேதாகமத்தைப் புரட்டின் ஒரு நயம் புலப்படும். யாக்கோபு, யூதா, யோவான், யோசேப்பு ஆகியவை விதிக்கு இசைவன, அப்படியே நின்றன. யே என்பது முதலாகாது; ஆகவே ஆண்டவர் திருநாமம் இகரம் முன்வர இயேசு என்றாயிற்று. யெ என்பதும் முதலாகாது. ஆகவே எருசலேம், எரேமியா, எரிகோ என யகரம் கெட்டது. யெகோவா, யெப்தா முதலியன விதி கடந்து நின்றன என்பது மெய்யே. மொழிபெயர்த்தார் இலக்கணத்திற்கு அடிமையராகவும் இலர், பகைவராகவும் இலர்.

ககரம் இரட்டித்ததும் காரணத்தோடுதான். தமிழில் உயிரிரண்டின் இடையே தனித்து நிற்கும் ககரம் மெலிந்தே ஒலிக்கும். வல்லொலி கெடாது நிற்றற்பொருட்டு யாக்கோபு என ஒற்று மிகுத்தெழுதினர். இதனை மனத்திற் கொண்டு தென்கடற்கரைக்குச் செல்வோமாக.

தூத்துக்குடி முதலிய முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் போர்ச்சுகீசியர் வழியாகத் திருமுழுக்குப் பெற்றனர். பெர்னாண்டோ, ரொட்ரிகோ, கோமஸ் முதலிய பெயர்கள் அக்கரையில் இன்றும் குடிப்பெயராக வழங்குதல் யாவரும் அறிந்தது. அப்போஸ்தலனாகிய யாக்கோபு போர்ச்சுகீசியர்க்கும் ஸ்பானியர்க்கும் பெருந்தலைமை வாய்ந்த புனிதர். ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள கொம்போஸ்தெலா நகர்க்கு அவர் கல்லறையைக் காணப் பல நூற்றாண்டுகளாக மக்கள் நடந்து செல்கின்றனர். அவர்கள் நாவில் அவர் பெயர் இயாகோ. முன்னே புனிதர் என்னும் சொல் சேர்ந்து சாந்த் இயாகோ என்றாகி, இரண்டும் ஒட்டிச் சந்தியாகோ என ஒரு சொல்லாயிற்று. 1541-இல் ஸ்பானியர் தென்னமெரிக்காவில் நிறுவிய நகரம், இன்று சீலே நாட்டின் தலைநகர், இப்பெயரே உடையது. அதே பெயர் நம் கரைக்கும் வந்து சந்தியாகு ஆயிற்று. அன்பும் மதிப்பும் சேர்ந்து சந்தியாகப்பர் ஆயிற்று. இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் ஆலயம் உளது. யாழ்ப்பாணத்துக் குருநகரிலோ அவரே யாகப்பர் என வழங்கப்படுகின்றார்.

எழுத்தை நோக்குக. யாக்கோபு என்பதில் ககரம் இரட்டித்தது. சந்தியாகு என்பதில் ஒற்றையாய் நின்றது. முன்னது கிரேக்கத்தின் வல்லொலியைக் காத்தது. பின்னது போர்ச்சுகீசியரின் மெல்லொலியைக் காத்தது. ஏட்டிலக்கணம் அறியாத வலைஞரும் படகோட்டிகளும் தம் செவியால் அறிந்து வைத்த பெயர் இத்துணைத் திருத்தமாக அமைந்தது என்பது எமக்கு மிக்க உவகை தருகின்றது.

நிற்க. இப்பெயர் கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. அரபு மொழியில் இது யாகூப். நம் முஸ்லிம் சகோதரர் இல்லங்களில் யாகூப் என்னும் பெயர் அரிதன்று. மலையாள நாட்டுச் சிரிய கிறிஸ்தவரிடையே இது சாக்கோ. ஆகத் தென்பாண்டி நாட்டுக் கடைத்தெருவொன்றில் ஆசிரியர் யாக்கோபும், துணிக்கடை யாகூபும், மீன் விற்கும் சந்தியாகுவும், தேநீர்க்கடை சாக்கோவும், எழுத்தர் ஜேம்ஸும் ஒருங்கு நின்று உரையாடல் கூடும். ஐவர்க்கும் பெயர் ஒன்றே என்பது ஐவருக்கும் தெரியாதிருத்தலும் கூடும். ஜாக்குலின் என்னும் மகளிர் பெயரும் இக்குடும்பத்ததே. பிரெஞ்சு வடிவாகிய ஜாக் என்பதன் பெண்பால் அது. பிற நாட்டு வடிவை விரும்பிச் சூட்டுதல் இன்றைய இளைஞர் கண்ட புதுமை என இனி முதியோர் கூறார் என்று நம்புகின்றோம். சந்தியாகு என்றும் ஜாக்குலின் என்றும் சூட்டினாரும் அதனையே செய்தனர். காலம் கடந்தமையால் அயன்மை மறைந்தது.

இனி, இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணத்திற்கு வருவாம்.

எம் பாட்டனார் பெயர் யாக்கோபு. திருநெல்வேலிச் சீமைச் சிற்றூரொன்றில் நாற்பதாண்டு பள்ளியாசிரியராக இருந்து, மூன்றாண்டுக்கு முன் காலமானார். பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயர் பூண்பவன் என்பது அதன் பொருள். எம் தமையனார் பிறந்தபொழுது பாட்டனார் உயிரோடிருந்தமையால், அப்பெயரை இட்டால் ஆச்சிக்குத் தொல்லை என்று வேறு பெயர் இட்டனர். என்ன தொல்லை எனின், எம் ஆச்சியார் கணவர் பெயரைத் தம் வாயாற் கூறியதே இலர். குடும்ப ஜெபத்தில் அவர் வேதம் வாசிக்கும் முறை வரும்பொழுது, யாக்கோபு என்றிருக்குமிடமெல்லாம் இஸ்ரவேல் என்றே வாசிப்பார். யாப்போக்கு ஆற்றங்கரையில் தூதனோடு போராடியபின் முற்பிதாவுக்கு வாய்த்த மறுபெயர் அது. ஆதலின் வேதத்திற்கும் பிழையில்லை, வழக்கத்திற்கும் பிழையில்லை. நிருபத்திற்கு இவ்வழி உதவாது. அதனை எபிரெயருக்கு அடுத்த நிருபம் என்பார்.

சென்ற ஆண்டு ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் எம் தமையனார்க்கு ஆண்மகவு பிறந்தது. பாட்டனார் மறைந்தபின் குடும்பத்திற் பிறந்த முதற்பிள்ளை. பெயர் யாதாதல் வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் அந்நாட்டு விதிப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் பதிதல் வேண்டும். பதிவுக்கு எந்த வடிவைக் கொடுப்பது என்பதில் வழக்கு எழுந்தது. எந்தையார், யாக்கோபு என ஓரெழுத்தும் மாறாது இடுக என்றார். தமையனார், இந்நாட்டுப் பள்ளியில் அதனைச் செவ்வையாய் அழைப்பார் இலர் என்றார். எம் மதினியார்க்கு வேறொரு துன்பம்: குடும்பத்துப் பெரியவரின் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்டுவது எங்ஙனம்? இத்துன்பம் நம் நாட்டில் பழையது. பாட்டன் பெயரிட்ட பிள்ளையை ஐயா என்றும் ராசா என்றும் வீட்டுப்பெயரால் தாயர் அழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தமையனார் இறுதியில் ஹேமிஷ் என்னும் பெயரைக் கூறினார். எந்தையார் அன்று உணவு கொண்டிலர்.

ஹேமிஷ் என்பது யாது? ஸ்காட்லாந்து மலைநாட்டார் பேசும் கேலிக் மொழியில் யாக்கோபு என்பது சேமஸ் எனப்படும். அம்மொழியில் விளி வேற்றுமை உண்டு. தமிழில் விளியேற்கும்பொழுது பெரும்பாலும் ஈறு திரியும், அல்லது ஈற்றயல் நீளும். கேலிக்கில் பெயரின் முதலெழுத்தும் மெலியும். சகரம் மெலிந்து ஹகரமாகும். ஆகவே சேமஸை நேர்நின்று அழைப்பின் ஹேமிஷ் என ஒலிக்கும். மொழியறியாத அயலார் தாய்மார் கூவியழைக்கும் ஒலியைக் கேட்டு, அதுவே பெயர் எனக் கொண்டனர். விளி பெயராயிற்று. இதனைக் கேட்டுத் தமிழர் நகைத்தற்கில்லை. அப்பன் என்பதன் விளி அப்பா. இன்றோ அப்பா வந்தார், அப்பாவைக் கண்டேன் என விளியையே எழுவாயாகவும் உருபேற்கும் பெயராகவும் வழங்குகின்றோம். ஐயா என்பதும் அத்தன்மைத்தே. அன்பு மிகுந்தவரை அழைத்து அழைத்து, அழைப்பே அவர் பெயராகி விடுதல் எம்மொழிக்கும் பொது என்று தோன்றுகின்றது.

இச்செய்தியை யாம் கல்லூரி நூலகத்திற் படித்தறிந்து, விடுமுறையில் ஊர் சென்றபொழுது வீட்டில் விளக்கினோம். எந்தையார் கேட்டு வாளா இருந்தார். ஆச்சியார், "அப்போ அதுவும் அவுக பேருதானா?" என்றார். ஆம் என்றோம். அன்றிரவு கைப்பேசித் திரையில் பிள்ளை தோன்றியபொழுது அவர், "ஏமிசு, ஏ ஏமிசு" என்று இரண்டு முறை அழைத்தார். அறுபதாண்டு நாவில் ஏறாத பெயர் அவ்வடிவில் ஏறிற்று. எந்தையார் எழுந்து முற்றத்திற்குச் சென்றார். பதிவேட்டில் ஹேமிஷ் என்றும், பின்னர் ஊரில் நடந்த ஞானஸ்நானத்தில் யாக்கோபு என்றும் பெயர் அமைந்தன. எந்தையார் இன்றளவும் முன்னதைச் சொல்வதில்லை. ஆச்சியார் பின்னதைச் சொல்வதில்லை.

ஆச்சியார் வாயில் ஹகரமும் ஷகரமும் நில்லாமை பற்றி ஒரு சொல். நன்னூலின் வடமொழியாக்க விதியை எழுத்துக்கெழுத்து பொருத்தின், முதலிலுள்ள ஹகரம் கெட்டு உயிர் நிற்க, ஷகரம் டகரமாக, ஹேமிஷ் என்பது ஏமிடு என்றாதல் வேண்டும். புருஷன் புருடனானது போல. பவணந்தியார் மீது பெருமதிப்புடைய யாமும் அதனைப் பரிந்துரைக்கத் துணியோம். ஏமிசு என்பது செவிக்கு இனிது. பழந்தமிழில் ஏமம் என்பது காவலும் இன்பமும் குறிக்கும் என்பதும் நினைவுக்கு வருகின்றது. இரண்டற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் தமிழ் பயில்வார்க்கு இத்தகைய எண்ணங்களைத் தடுத்தல் அரிது.

ஆகவே இளையோர் கூற்றில் மெய் உண்டு. ஆனால் முழு மெய் உண்டெனக் கொள்ளற்க. பெயர் ஒன்றேயாயினும் ஒவ்வொரு வடிவமும் தான் வாழ்ந்த நாட்டின் மணத்தை உடன் கொணரும். வேல்ஸ் நாட்டில் யாக்கோபு இயாகோ ஆவான். ஒலி இனியது, தமிழ் நாவுக்கும் எளியது. ஆயினும் 1604-இல் அரங்கேறிய ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தைப் படித்தார் எவரும் அப்பெயரைக் கேட்டவுடன் அக்கொடியவனையே நினைப்பர். ஆங்கிலம் பயிலும் ஊரில் வளரவிருக்கும் பிள்ளைக்கு அதனை இடுதல் நன்றன்று. ஸ்பானியரது தியேகோவைச் சந்தியாகோவின் சிதைவு எனப் பலர் கூறுவர். வேறு மூலம் காட்டும் அறிஞரும் உளர். பாட்டன் பெயரைத் தொடரும் நோக்கமுடையார் ஐயத்திற்கிடமான வடிவின்மேல் அந்நோக்கத்தை ஏற்றுதல் தகாது. ஆங்கிலேயர் வழங்கும் ஜாக் என்பது இன்னும் வழுக்கலான இடம். பிரெஞ்சு ஜாக் யாக்கோபே, ஆங்கில ஜாக்கோ, ஜான் என்பதன் செல்லப்பெயராகிய ஜாங்கின் வழி வந்தது, அஃதாவது யோவான். ஒலியொப்புமை கண்டு மயங்கி, யாக்கோபு பாட்டனாரின் பேரனுக்கு யோவான் என்று பெயரிட்டு மகிழ்ந்திருப்பார் இருத்தல் கூடும்.

மற்றொரு வழியும் நம்மவர்க்குத் தெரிந்திருந்தது. ஒலியைக் கொணராது பொருளைக் கொணர்தல் அது. யோவான் என்பதன் பொருள் கர்த்தர் அருளினார் என்பது, அதனால் அருளப்பர். பவுல் என்னும் இலத்தீனப் பெயர் சிறியோன் எனப் பொருள்படும், அதனால் சின்னப்பர். ஸ்தேவான் என்பதற்குக் கிரேக்கத்தில் முடி என்று பொருள், அதனால் முடியப்பர். ஸகரமும் தகரமும் மயங்கி முதலில் நிற்கும் ஸ்தேவானைத் தமிழ் நாவுக்கு இதனினும் அழகாகப் பணிவிக்க எவராலும் இயலாது. 1726-இல் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் இக்கலையில் தலைசிறந்தவர். காப்பியத் தலைவராகிய யோசேப்பின் பெயர் பெருகுதல் என்னும் பொருளடிப் பிறந்தமை கண்டு அவரை வளன் என்றார். திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றார். தம் பெயராகிய கான்ஸ்டன்சியுஸ் என்பதையும், உறுதி என்னும் அதன் பொருள் பற்றித் தைரியநாதர் என ஆக்கிக்கொண்டார். இத்தாலி நாட்டார் ஒருவர் தமிழ் வடிவைத் தேடித் தம்மேற் சூட்டிக்கொள்ள, தமிழ் நாட்டார் இத்தாலிய வடிவைத் தேடித் தம் பிள்ளைமேற் சூட்டுதல் காலத்தின் விளையாட்டு. யாக்கோபுக்கு மட்டும் இவ்வழி அடைபட்டது போலும். குதிகாலப்பர் என எவரும் வழங்கக் கேட்டிலேம்.

பழைய மாணவருள் தம் குடிவழியை ஆராய்வார்க்கு ஒன்று கூறுவோம். கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றின் பழைய திருமுழுக்கு ஏடுகள் இலத்தீனில் எழுதப்பட்டன. குருவானவர் அவற்றில் வீட்டுவழக்கை எழுதாது இலத்தீன் வடிவையே எழுதுதல் உண்டு. ஆகவே சந்தியாகு எனத் தாம் கேட்டறிந்த முன்னோரை ஜக்கோபுஸ் என்னும் பெயரிலும், சூசையை யோசேபுஸ் என்னும் பெயரிலும், அருளப்பனை யோவான்னெஸ் என்னும் பெயரிலும், இராயப்பனைப் பெத்ருஸ் என்னும் பெயரிலும் தேடுதல் வேண்டும். ஆங்கிலத்திற் படியெடுத்த ஏடாயின் சந்தியாகு ஜேம்ஸ் என நிற்றலும் உண்டு, ஜேக்கப் என நிற்றலும் உண்டு, இரண்டையும் பார்க்க.